ஒன்பதாவது நோயாளி: பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெனிங்கோகாக்கல் நோய், 2013–14

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், 2013 மார்ச் மாதக் கடைசியில், வசந்தகால விடுமுறை முடிந்து வளாகத்துக்குத் திரும்பிய ஒரு மாணவருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் சேர்த்துப் பரிசோதித்தபோது மெனிங்கோகாக்கல் நோய் என்று உறுதியாயிற்று. அதன்பின் ஓராண்டுக்குள் அதே கிருமிவகையால் மொத்தம் 9 பேர் நோயுற்றனர். அவர்களில் ஒருவர் இறந்தார். அந்த நாட்டில் அப்போது உரிமம் பெற்றிராத ஒரு தடுப்பூசி ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் போடப்பட்டது. இதைவிடப் பெரிய மெனிங்கோகாக்கல் பரவல்கள் எத்தனையோ உண்டு. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியிலும் டெல்லியிலும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மக்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். இருந்தும் இந்தச் சிறிய பரவலை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் ஒன்றுதான். ஒரு நோயாளி கண்டறியப்பட்டவுடன் சுகாதாரத் துறை செய்ய வேண்டிய வேலைகள் இங்கே உடனுக்குடன் செய்யப்பட்டன, ஆனாலும் நோய் நிற்கவில்லை. தடுப்பூசி வந்தபிறகு வளாகத்துக்குள் நோய் நின்றது, ஆனாலும் கிருமி நிற்கவில்லை. நோயைத் தடுப்பதும் கிருமி கைமாறுவதைத் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது. இந்தப் பரவலில் அது ஓர் உயிரிழப்பாகத் தெரிய வந்தது.

நோயைப் பற்றிச் சில செய்திகள்

தமிழில் ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லை இரண்டு மூன்று நோய்களுக்குப் பயன்படுத்துகிறோம். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஒரு வைரஸ் நோய். அதற்கான தடுப்பூசியையும் ‘மூளைக்காய்ச்சல் ஊசி’ என்றே சொல்கிறோம். இங்கே பேசப்படுவது அதுவன்று. மெனிங்கோகாக்கஸ் ஒரு பாக்டீரியா. 1887-இல் வியன்னாவில் ஆன்டன் வைக்செல்பாம் அதை நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்திலிருந்து பிரித்தெடுத்தார். மனிதரைத் தவிர வேறு எந்த உயிரினத்திலும் அது இயற்கையாகக் குடியிருப்பதில்லை. மூக்குக்கும் தொண்டைக்கும் பின்னால் உள்ள சவ்வில் தங்கி, எச்சில், சளி ஆகியவற்றின் வழியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்கிறது. பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் எந்த நேரத்திலும் அதைத் தொண்டையில் சுமந்துகொண்டு, தலைவலிகூட இல்லாமல் நடமாடுகிறார் என்பதுதான் இந்நோயின் விசித்திரம். பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் இப்படிச் சுமப்பவர்களின் விகிதம் இன்னும் கூடும்.

சுமப்பவர்களில் மிகச் சிலருக்கே, பெரும்பாலும் கிருமி புதிதாகத் தொற்றிய சில நாட்களுக்குள், அது சவ்வைத் தாண்டி இரத்தத்துக்குள் இறங்குகிறது. அங்கிருந்து மூளை உறைக்குச் சென்றால் கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு. இரத்தத்திலேயே பெருகினால் தோலில் செந்நீலப் புள்ளிகள், இரத்த அழுத்த வீழ்ச்சி, கைகால் விரல்களுக்கு இரத்தம் போகாத நிலை. ஒரு கண்ணாடி டம்ளரை அந்தப் புள்ளிகளின்மேல் வைத்து அழுத்தினால், சாதாரணத் தடிப்பாக இருந்தால் நிறம் மங்கும்; தோலுக்கடியில் இரத்தம் கசிந்த புள்ளியாக இருந்தால் கண்ணாடிக்குள்ளிருந்து அப்படியே தெரியும். இதை வீட்டிலேயே பார்க்கலாம் என்று பிரிட்டனில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் புள்ளி வரும்வரை காத்திருப்பது ஆபத்து. முதல் சில மணி நேரம் இது ஃப்ளூ காய்ச்சலைப் போலவே இருக்கும். காலையில் உடம்பு சரியில்லை என்று படுத்த இளைஞர் மறுநாள் காலை உயிரோடு இல்லாத நிகழ்வுகள் உண்டு. சிகிச்சை கிடைத்தும் 100-இல் 10 முதல் 15 பேர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்குக் காது கேளாமை, மூளைப் பாதிப்பு, கைகால் இழப்பு போன்றவற்றில் ஏதாவது ஒன்று எஞ்சுகிறது.

ஒரு நோயாளி வந்தால்

மெனிங்கோகாக்கஸ் என்று சந்தேகம் எழுந்த உடனே, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், மருத்துவமனை சுகாதாரத் துறைக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். அதற்கு அடுத்து தொடங்கும் வேலையில் மருத்துவத்தைவிட விசாரணைதான் அதிகம். காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய ஏழு நாட்களில் நோயாளி யாருடன் ஒரே அறையில் தூங்கினார், யாரை முத்தமிட்டார், யாருடன் ஒரே கோப்பையில் குடித்தார், யாருடைய சிகரெட்டை வாங்கிப் புகைத்தார் என்று கேட்க வேண்டும். நோயாளி பேசும் நிலையில் இல்லாவிட்டால் அறைத்தோழரையும் நண்பர்களையும் பெற்றோரையும் கேட்க வேண்டும். பெற்றோர் அருகில் நிற்கும்போது நண்பர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பது விசாரிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆகவே தனித்தனியே கேட்பார்கள்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதைப் போலவே யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதும் முக்கியம். ஒரே விரிவுரை அரங்கில் உட்கார்ந்தவர்கள், நூலகத்தில் பக்கத்து மேசையில் படித்தவர்கள் நெருங்கிய தொடர்பாளர்கள் ஆக மாட்டார்கள். விமானப் பயணத்தில்கூட, எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமாக இருந்தால்தான் ஒட்டிய இருக்கையில் இருந்தவர் கணக்கில் வருவார். சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும், பாதுகாப்பு இல்லாமல் மூச்சுக்குழாய் செருகியது போன்ற வேலையைச் செய்திருந்தால் ஒழிய, சேர்க்கப்பட மாட்டார்கள். ஒரே வீட்டில் வாழ்கிறவர்களில் ஆயிரத்துக்கு நான்கு பேருக்கு நோய் வரலாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பழைய கணக்கு; எண் சிறியதாகத் தோன்றினாலும், பொதுமக்களுக்கு உள்ள அபாயத்தைப் போல அது 500 முதல் 800 மடங்கு.

பட்டியலில் உள்ளவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் ஒரே ஒரு வேளை. அல்லது 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள். அல்லது 250 மில்லிகிராம் செஃப்ட்ரையாக்சோன் ஓர் ஊசி. கல்லூரி வளாகங்களில் சிப்ரோஃப்ளாக்சசினே வசதி. ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், கான்டாக்ட் லென்சைக் கறையாக்கும், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அதோடு, இரண்டு நாளுக்கு நான்கு வேளை மருந்தை மறக்காமல் விழுங்கும்படி இருபது வயதுக்காரரை நம்பி விடுவதைவிட, செவிலியர் கண்முன் ஒரு மாத்திரையை விழுங்க வைப்பது மேல். இதை நோயாளியை அடையாளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்; 14 நாள் கடந்துவிட்டால் கொடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை. வயிற்றுப்போக்குக்குக்கூட நம் ஊர் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கைமாறும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இப்படியொரு தலையாய பயன் இருக்கிறது என்பதையும், 2005-இல் டெல்லியில் பரவிய மெனிங்கோகாக்கஸில் அம்மருந்துக்கு அடங்காத வகைகள் காணப்பட்டன என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இந்த மருந்து எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. தொடர்பாளரின் தொண்டையில் கிருமி ஏறியிருந்தால் அதை அங்கேயே அழிப்பதுதான் நோக்கம். அதனால் அவரும் தப்பிக்கிறார், அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவிருந்த அடுத்தவரும் தப்பிக்கிறார். ஆனால் அந்தப் பாதுகாப்பு வெகுநாள் நீடிப்பதில்லை. வளாகத்தில் வேறு யாரிடமாவது கிருமி இருந்தால், மாத்திரை விழுங்கியவருக்கு அது மறுபடியும் வரலாம்.

எட்டுப் பேர்

பிரின்ஸ்டனில் முதல் நோயாளிக்குப்பின் இவையெல்லாம் செய்யப்பட்டன. ஏப்ரலில், வளாகத்துக்கு வந்து தங்கிச் சென்ற ஒரு விருந்தினர் ஊர் திரும்பியபின் நோயுற்றார். மே மாதம் இரண்டு மாணவர்கள். ஜூன் கடைசியில், கோடை விடுமுறையில் வெளிநாடு சென்றிருந்த ஒரு மாணவருக்கு அங்கேயே நோய் கண்டது. ஆய்வக முடிவுகள் அனைத்தும், மெனிங்கோகாக்கஸின் பல வகைகளில் ‘பி’ என்ற வகையையே காட்டின. மரபணு ஒப்பீட்டில் அவை ஒரே கிருமியின் வழிவந்தவை என்றும், பி வகைக்குள் எஸ்டி-409 என்ற அதிகம் அறியப்படாத உட்பிரிவைச் சேர்ந்தவை என்றும் தெரிந்தது.

கோடையில் வளாகம் காலியாகும்; மாணவர்கள் நாடெங்கும் சிதறுவார்கள்; தொடர் அறுந்துவிடும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் அமைதியாகக் கழிந்தன. அக்டோபர் தொடக்கத்தில் ஆறாவது நோயாளி வந்தார். நவம்பரில் இருவர். எட்டாவது நோயாளி வந்தபோது, அறிகுறியே இல்லாதவர்களின் தொண்டைகள் வழியே கிருமி எட்டு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதில் ஐயமில்லை. இந்த எட்டுப் பேரில் யாரும் இறக்கவில்லை, ஆனால் எல்லோரும் பழையபடி முழு நலத்துடன் மீளவில்லை. விருந்தினரை நீக்கிவிட்டு இளங்கலை மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் ஏழு பேர். அதாவது ஒரு லட்சத்துக்கு 134. அந்த வயதினரிடையே நாடளாவிய விகிதத்தோடு ஒப்பிட்டால் இது ஆயிரம் மடங்குக்கும் மேல்.

ஏன் இந்த வளாகத்தில் இப்படி? திட்டவட்டமான விடை கிடைக்கவில்லை என்றாலும், வாழ்க்கைமுறையைப் பார்த்தால் வியப்பு குறைகிறது. பிரின்ஸ்டனில் இளங்கலை மாணவர்கள் ஏறத்தாழ அனைவரும் வளாகத்திலேயே தங்குகிறார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களில் பெரும்பான்மையோர் ப்ராஸ்பெக்ட் அவென்யூ என்ற ஒரே தெருவில் வரிசையாக உள்ள உணவு மன்றங்களில் சாப்பிடுகிறார்கள். வார இறுதி விருந்துகளும் அங்கேதான். மன்றம் வேறாக இருந்தாலும் விருந்துக்கு எல்லோரும் எல்லா இடத்துக்கும் போவார்கள். மேசையின் இருமுனையிலும் கோப்பைகளை அடுக்கி, அவற்றுள் பந்தெறிந்து, விழுந்த கோப்பையில் உள்ள பியரை எதிராளி குடிக்க வேண்டும் என்ற விளையாட்டு அமெரிக்கக் கல்லூரிகளில் சாதாரணம். தொடர்பாளர் பட்டியல் எழுதப் போகிறவர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட வேண்டியதுதான்.

பல்கலைக்கழகம் சுவரொட்டிகளும் மின்னஞ்சல்களும் மட்டும் போதா என்று உணர்ந்து, ‘என்னுடையது, உன்னுடையதல்ல’ என்ற பொருள்படும் வாசகத்தை அச்சிட்ட கோப்பைகளை மாணவர்களுக்கு வழங்கியது. ஆளுக்கொரு கோப்பை, அதை யாருக்கும் தரக்கூடாது. தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அந்த வாசகம் சொல்ல வந்ததை நாம் ‘எச்சில்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவோம்; உதடு படாமல் அண்ணாந்து குடிக்கச் சிறுவயதிலேயே பழக்குவோம். (அந்தச் சொல்லைச் சாக்காக வைத்துச் சிலருக்குத் தனி டம்ளர் வைத்த வரலாறும் நமக்கு உண்டு என்பதால் இதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை.) ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல் இல்லாததால் ஒரு பிரச்சாரமே தேவைப்பட்டது. கோப்பைகளால் எத்தனை பேருக்குத் தொற்றாமல் தடுக்கப்பட்டது என்பதை யாரும் அளக்க முடியாது. அவை விநியோகிக்கப்பட்ட பின்னும் நோயாளிகள் வந்தார்கள்.

அப்படியானால் ஐயாயிரம் பேருக்கும் ஒரே நாளில் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பரிந்துரைக்கவில்லை. எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழுங்கினால்தான் பலன். விடுபட்ட சிலரிடமிருந்தும், வெளியிலிருந்து வருகிறவர்களிடமிருந்தும் கிருமி திரும்ப வந்துவிடும். பக்கவிளைவுகள் ஐயாயிரம் பேரால் பெருக்கப்படும். மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே தேர்ந்தெடுத்து வளர்த்ததாகவும் ஆகும். பல்கலைக்கழகத்தை மூடிவிடலாமே என்றும் சிலர் கேட்டார்கள். கிருமியைச் சுமக்கும் மாணவர்களைத் தம்பி தங்கைகள் இருக்கும் வீடுகளுக்கு அனுப்புவதால் என்ன சாதிக்க முடியும்? வகுப்புகளோ விளையாட்டுப் போட்டிகளோ ரத்து செய்யப்படவில்லை. பதற்றத்தைக் காட்ட ஏதாவது ஒன்றைச் செய்துவைக்கும் ஆசைக்கு இடம்கொடாத இந்த நிதானம் பாராட்டத்தக்கது என்பேன்.

ஊசி போட்டிருந்தும் ஏன் நோய்

விடுதியில் தங்கும் மாணவர்கள் மெனிங்கோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று நியூ ஜெர்சியில் ஏற்கெனவே சட்டம் இருந்தது. ஆகவே இந்த மாணவர்கள் ஊசி போடாதவர்கள் அல்லர். அந்த ஊசி ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளுக்கானது. பி வகைக்கு அதில் ஒன்றும் இல்லை. மேற்படிப்புக்காக அமெரிக்கா புறப்படும் பிள்ளைகளுக்குச் சென்னையிலும் கோவையிலும் பெற்றோர் அலைந்து போட்டுக்கொடுப்பதும், ஹஜ் பயணிகளுக்குப் புறப்படும் முன் கட்டாயமாகப் போடப்படுவதும் இந்த நான்கு வகை ஊசிதான். சான்றிதழில் ‘மெனிங்கோகாக்கல்’ என்று இருப்பதால் எல்லா வகைக்கும் காப்பு கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வது இன்றும் காணப்படும் தவறு.

பி வகைக்கு ஊசி செய்வது கடினமாக இருந்ததற்கு ஓர் அழகான காரணம் உண்டு. மற்ற வகைகளுக்கான தடுப்பூசிகள் கிருமியின் சர்க்கரை மேலுறையைக் கொண்டு செய்யப்படுகின்றன. பி வகையின் மேலுறையோ நம் நரம்புச் செல்களின் மேற்பரப்பில், அதிலும் கருவில் வளரும் குழந்தையின் மூளையில், காணப்படும் ஒரு சர்க்கரைச் சங்கிலியை அப்படியே ஒத்தது. நம் உடல் அதைத் தன்னுடையதென்று எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை. வலிந்து உண்டாக்கினால் அது நம்மையே தாக்கக்கூடும் என்ற அச்சம் வேறு. ஆகவே மேலுறையை விட்டுவிட்டுப் புரதங்களைத் தேட வேண்டியிருந்தது. கியூபா, நார்வே, நியூசிலாந்து ஆகிய நாடுகள் தத்தம் ஊரில் பரவிய கிருமியின் வெளிச்சவ்விலிருந்து ஊசி செய்தன. அவை அந்தந்த ஊர்க் கிருமிக்கே நன்றாகப் பயன்பட்டன. 2000-இல் பி வகைக் கிருமி ஒன்றின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. இத்தாலியின் சியெனா நகரில் ரினோ ரப்புவோலியின் குழு அதைக் கணினியில் அலசி, மேற்பரப்பில் இருக்கக்கூடிய புரதங்களைப் பொறுக்கியெடுத்து, நூற்றுக்கணக்கானவற்றைச் சோதித்து, கடைசியில் மூன்றைத் தேர்ந்தது. அந்த மூன்றோடு நியூசிலாந்தின் வெளிச்சவ்வுத் துகளையும் சேர்த்து நோவார்டிஸ் நிறுவனம் செய்த ஊசிதான் பெக்செரோ. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு உரிமம் கொடுத்தது 2013 ஜனவரியில். பிரின்ஸ்டனின் முதல் நோயாளி வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

உரிமமில்லாத ஊசி

அமெரிக்காவில் அந்த ஊசிக்கு உரிமம் இல்லை. உரிமம் பெறாத மருந்தை, உயிருக்கு ஆபத்தான நோய்க்கு மாற்று வழி இல்லாத நிலையில், ஆய்வுநிலை மருந்து என்ற கட்டுப்பாட்டுக்குள் வைத்து நோயாளிகளுக்குக் கொடுக்க அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதிகளில் இடமுண்டு. ஆரோக்கியமான ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அந்த வழியில் தடுப்பூசி போடுவது வழக்கமான காரியமன்று. நோய்க் கட்டுப்பாட்டு மையமே விண்ணப்பதாரராக நின்றது. பரவலை உண்டாக்கிய கிருமியின் புரதங்கள் ஊசியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று முதலில் ஆய்வகத்தில் பார்த்தார்கள், பொருந்தின. நவம்பர் நடுவில் அனுமதி கிடைத்த செய்தி வெளியானது. பல்கலைக்கழகம் ஊசியை வழங்குவதாகவும் செலவைத் தானே ஏற்பதாகவும் அறிவித்தது.

யாருக்குப் போடுவது என்ற முடிவு கவனித்துப் பார்க்கத் தக்கது. இளங்கலை மாணவர்கள் எல்லோருக்கும். விடுதிகளில் வாழும் முதுகலை மாணவர்களுக்கு. மண்ணீரல் இல்லாதவர்கள் போன்று இந்நோய் எளிதில் தாக்கக்கூடிய உடல்நிலை உள்ள வளாகத்தினருக்கு. வெளியே வீடெடுத்துத் தங்கிய முதுகலை மாணவர்களுக்கும் பொதுவாகப் பேராசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் இல்லை. மனத்தாங்கல் எழக்கூடிய பிரிப்புதான் இது. ஆனால் நோய் கண்டவர்கள் அனைவரும் இளங்கலை மாணவர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள்; உரிமமில்லாத ஊசியை, அபாயம் தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பதே நேர்மை.

டிசம்பர் 9 முதல் 12 வரை நான்கு நாட்கள், மாணவர்கள் அஞ்சல் வாங்கவும் சாப்பிடவும் கூடும் ஃப்ரிஸ்ட் வளாக மையத்தில் ஊசி முகாம் நடந்தது. ஆய்வுநிலை மருந்து என்பதால் ஒவ்வொருவரும் விளக்கத் தாளைப் படித்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். செமஸ்டர் முடிந்து குளிர்கால விடுமுறைக்குக் கலைவதற்குமுன் முதல் தவணை முடிந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. இரண்டாம் தவணை 2014 பிப்ரவரி 17 முதல் 20 வரை. தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டார்கள். கட்டாயம் ஏதுமின்றி, கையெழுத்து வாங்கிப் போட்ட ஒரு புதிய ஊசிக்கு இது அசாதாரணமான எண்ணிக்கை. வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் மருத்துவமனைக்குப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள் என்பதை மறக்கக்கூடாது. கை வலி, உடல் அசதி, காய்ச்சல் ஆகியவை பரவலாக இருந்தன. ஊசியால் இருக்கலாம் என்று கருதப்பட்ட கடுமையான விளைவுகள் மிகச் சிலவே.

இதே 2013 நவம்பரில், நாட்டின் மறுகோடியில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்திலும் நான்கு மாணவர்களுக்கு பி வகை நோய் கண்டது. ஒருவர் இரண்டு பாதங்களையும் இழந்தார். இரண்டு பரவலுக்கும் தொடர்பிருக்குமோ என்ற ஊகத்தை மரபணு ஒப்பீடு நீக்கியது. அங்கே பரவியது பி வகையின் வேறோர் உட்பிரிவு. பிரின்ஸ்டனுக்காக உருவான ஏற்பாட்டையே பின்பற்றி அங்கும் 2014-இன் தொடக்கத்தில் அதே ஊசி போடப்பட்டது.

பிலடெல்ஃபியா

இரண்டாம் தவணை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2014 மார்ச் 10 அன்று, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் பிலடெல்ஃபியா நகரில், ட்ரெக்செல் பல்கலைக்கழக மாணவி ஒருவர் மெனிங்கோகாக்கல் நோயால் இறந்தார். அவரோடு நெருங்கியிருந்தவர்களுக்கு வழக்கப்படி ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது. விசாரணையில், நோய் தொடங்குவதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பு அவர் பிரின்ஸ்டன் மாணவர்களுடன் பழகியிருந்தார் என்று தெரிந்தது. சில நாட்களில் ஆய்வக முடிவு வந்தது: அதே கிருமி.

அவர் பிரின்ஸ்டன் மாணவி அல்லர். ஆகவே அவருக்கு அந்த ஊசி கிடைத்திருக்க வழியில்லை. பிரின்ஸ்டனில் ஊசி போட்டவர்கள் யாருக்கும் நோய் வரவில்லை. அப்படியானால் கிருமி எங்கிருந்து வந்தது? பத்தில் ஒன்பது பேர் ஊசி போட்டிருந்த ஒரு வளாகத்தில், ஆரோக்கியமாக நடமாடிய யாரோ ஒருவரின் தொண்டையிலிருந்து. அவர் யார் என்று தேடப்படவில்லை. தேடுவதில் பயனும் இல்லை, நியாயமும் இல்லை. தொண்டையில் கிருமியைச் சுமப்பது ஒருவரின் குற்றமன்று, அது அவருக்கே தெரியாத ஒன்று.

இந்த ஒன்பதாவது நோயாளிதான் முழு நிகழ்வின் பொருளையும் மாற்றுகிறார் என்பது என் கருத்து. எட்டோடு நின்றிருந்தால், ஊசி வந்தது, பரவல் நின்றது என்று கோப்பினை மூடியிருப்பார்கள். இரத்தத்துக்குள் இறங்கும் கிருமியைக் கொல்ல உதவும் எதிர்ப்பொருள், தொண்டைச் சவ்வின்மேல் குடியிருக்கும் கிருமியை விரட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சி வகைக்கான இணைப்பு ஊசி (சர்க்கரை மேலுறையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தது) பிரிட்டனில் 1999 முதல் போடப்பட்டபோது தொண்டையிலும் அந்தக் கிருமி குறைந்து, ஊசி போடாதவர்களுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. அந்த அனுபவம் எல்லோர் மனத்திலும் இருந்ததால், பி வகை ஊசியும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை இயல்பாகவே எழுந்திருந்தது.

இரத்தப் பரிசோதனை சொன்னது

2014 வசந்தத்தில் மாணவர்களிடமிருந்து இரத்தம் பெற்று ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. முடிவுகள் 2016-இல் வெளியாயின. இரண்டு தவணையும் பெற்றவர்களின் இரத்தம், பரவலை உண்டாக்கிய அதே கிருமியைக் கொல்கிறதா என்று பார்த்ததில், 66.1 விழுக்காட்டினரிடம் மட்டுமே போதிய அளவு எதிர்ப்பாற்றல் தெரிந்தது. அவ்வாறு எதிர்ப்பாற்றல் தெரியாதவர்களில் சிலரின் இரத்தத்தைத் தடுப்பூசியின் கூறுகளோடு நெருங்கிய ஒப்பீட்டுக் கிருமிகளோடு சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோரிடம் அவற்றைக் கொல்லும் ஆற்றல் இருந்தது. அதாவது ஊசி அவர்களுடைய உடலில் வேலை செய்திருக்கிறது. இந்தக் குறிப்பிட்ட கிருமியிடம்தான் முழுமையாகச் செல்லவில்லை. புரதங்கள் ‘பொருந்துகின்றன’ என்று ஆய்வகம் முன்கூட்டிச் சொன்னதற்கும், மனித இரத்தத்தில் நடந்ததற்கும் இடையே இருந்த தூரம் அது.

இதைப் படித்துவிட்டு மூன்றில் ஒருவருக்கு ஊசி வீண் என்று முடிவு கட்டுவது அவசரம். சோதனைக் குழாயில் ஓர் அளவுகோலைத் தாண்டாததும் நோய் வருவதும் ஒன்றல்ல. அதே வேளையில், ஊசிக்குப்பின் வளாகத்தில் நோய் வராததை ஊசியின் வெற்றி என்று நிரூபிக்கவும் இயலாது. எட்டு மாதத்தில் எட்டு என்ற எண்ணிக்கை, தானாகவே அடங்கியிருக்கவும் கூடும் என்ற வாய்ப்பை மறுக்கப் போதாதது. ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத இன்னொரு பிரின்ஸ்டன் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் முடிவெடுத்தவர்கள் கையில் இந்த எண்கள் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அவர்களை மதிப்பிட வேண்டும். அவர்கள் காத்திருந்திருந்தால் குறை சொல்ல ஆள் இருந்திருக்காது. ஆனால் இளைஞர்கள் நோயுற்றுக்கொண்டிருந்தார்கள்.

2014 அக்டோபரில் ட்ரூமென்பா என்ற மற்றொரு பி வகை ஊசிக்கும், 2015 ஜனவரியில் பெக்செரோவுக்கும் அமெரிக்கா உரிமம் வழங்கியது. 2015 செப்டம்பரில் பிரிட்டன் தன் கைக்குழந்தைகளுக்கான அட்டவணையில் பெக்செரோவைச் சேர்த்தது. தொண்டையில் உள்ள கிருமியை இந்த ஊசி அகற்றுமா என்ற கேள்விக்கு விடை தேடித் தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017–18-இல் ஏறத்தாழ 35,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சில பள்ளிகளுக்கு உடனே ஊசி, மற்றவற்றுக்கு ஓராண்டு கழித்து. இடையில் எல்லோருடைய தொண்டையிலிருந்தும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார்கள். ஊசி போட்ட பள்ளிகளிலும் போடாத பள்ளிகளிலும், நோய் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸைச் சுமந்தவர்களின் விகிதத்தில் வேறுபாடு இல்லை என்று 2020-இல் வெளியான முடிவு சொல்கிறது. பிலடெல்ஃபியாவில் ஒருவரின் மரணம் சுட்டியதை ஆயிரக்கணக்கான பஞ்சுக்குச்சிகள் உறுதிசெய்தன.

அதனால், பி வகை ஊசி போட்டு முடித்த ஒருவரின் அறைத்தோழருக்கு இன்று மெனிங்கோகாக்கல் நோய் வந்தாலும், தொடர்பாளர் பட்டியலில் ஊசி போட்டவரின் பெயரும் எழுதப்படுகிறது. ஊசிச் சான்றிதழை எடுத்துக் காட்டினாலும் அந்த ஒற்றைச் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையை அவரும் செவிலியர் முன்னால் விழுங்கியாக வேண்டும்.